தள்ளினால் மிஸ்டிமீனர், எலும்பு முறிந்தால் ஃபெலனியா? கலிபோர்னியாவின் பேட்டரி வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஹோசே நகரில் வெஸ்ட் ஹெட்டிங் தெருவில் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. பக்கத்திலேயே மாவட்டச் சிறை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சில தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக அந்தப் படிகளை ஏறியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் முதல் நாள் காலையில் தூங்காத கண்களோடு வந்து நிற்கும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்குத் தமிழில் பதில் கிடைத்தால் அந்த முதல் நாள் கொஞ்சம் தெளிவாகக் கழியும் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே இருப்பது கலிபோர்னியா சட்டம். மற்ற சில மாநிலங்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். சட்டம் அடிக்கடி திருத்தப்படுகிறது, அதனால் உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் முடிவு.

பேட்டரி என்றால் அடிப்பதுதானே?

அடிப்பதும் பேட்டரிதான், ஆனால் அடிக்கவே வேண்டியதில்லை. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 242ஆம் பிரிவு, இன்னொருவர் மீது வேண்டுமென்றே சட்டவிரோதமாகப் பலத்தைப் பிரயோகிப்பதைப் பேட்டரி என்கிறது. கோபத்தோடோ அவமரியாதையாகவோ லேசாகத் தொட்டாலும் போதும் என்றுதான் ஜூரிகளுக்கு விளக்கப்படுகிறது. வலி இருக்க வேண்டியதில்லை, காயமும் இருக்க வேண்டியதில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பது, கையிலிருக்கும் போனைத் தட்டிவிடுவது, தோளில் கைவைத்துத் தள்ளுவது எல்லாம் இதில் வரலாம். துணிக்கு மேல் தொட்டாலும் தொட்டதுதான்.

"நான் அடிக்கவே இல்லையே, சும்மா தள்ளினேன்" என்று சொல்லும்போது ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறார். உண்மையில் குற்றத்தின் முக்கியமான அம்சத்தை அவரே ஒப்புக்கொள்கிறார்.

தாளில் அசால்ட் என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. 240ஆம் பிரிவின்படி அசால்ட் என்பது தாக்க முயல்வது, அதைச் செய்து முடிக்கும் நிலையில் இருந்துகொண்டு. கை ஓங்கினால் அசால்ட், கை பட்டால் பேட்டரி. சாதாரண அசால்ட்டுக்கு 6 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் உச்சம். தமிழில் அலட்சியமாக இருப்பதை "அசால்ட்டா இருக்கான்" என்கிறோம். அந்தப் பழக்கத்தில் இந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பெரிய விஷயமில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சரி, மிஸ்டிமீனர் எது, ஃபெலனி எது?

சுருக்கமாக, மிஸ்டிமீனர் சிறு குற்றம், ஃபெலனி பெருங்குற்றம். கலிபோர்னியாவில் மிஸ்டிமீனருக்கு மாவட்டச் சிறையில் அதிகபட்சம் 364 நாள். ஏன் 365 இல்லை? முன்பு ஒரு வருடம் என்றுதான் இருந்தது. குடியேற்றச் சட்டம் பல இடங்களில் "ஒரு வருடம்" என்ற எல்லையை வைத்துத்தான் ஆளை நாட்டை விட்டு அனுப்புகிறது. அதில் மாட்டாமல் இருக்கத்தான் 2015இல் ஒரு நாளைக் குறைத்தார்கள். விசாவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு நாளின் மதிப்பு தெரியும்.

ஃபெலனிக்கு அதற்கு மேல். 16 மாதம், 2 வருடம், 3 வருடம் என்றோ 2, 3, 4 வருடம் என்றோ மூன்று படிகளாகச் சட்டம் சொல்லும். 2011க்குப் பிறகு பல ஃபெலனித் தண்டனைகளையும் மாவட்டச் சிறையிலேயே கழிக்க வைக்கிறார்கள். எனவே எந்தச் சிறை என்பதை வைத்து எந்த வகைக் குற்றம் என்று முடிவு கட்ட முடியாது.

நடைமுறையும் வேறு. ஃபெலனியில் முழு விசாரணைக்கு முன்னால் பூர்வாங்க விசாரணை ஒன்று உண்டு. வழக்கை மேலே கொண்டுபோகப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். மிஸ்டிமீனரில் அந்தப் படி கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் கிடைப்பது இரண்டிலும் உண்டு.

சாதாரண பேட்டரி எப்போது ஃபெலனி ஆகிறது?

காயமில்லாத சாதாரண பேட்டரி, 243(ஏ) பிரிவின்படி மிஸ்டிமீனர்தான். 6 மாதம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைப் பெரிதாக்கும் விஷயங்களில் முதலாவது காயம்.

பூங்காவில் கிரிக்கெட் ஆட்டம் முடிகிறது. அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம். ஒருவர் மற்றவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறார். அவர் புல்தரையில் விழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, திட்டிவிட்டுப் போகிறார். வழக்கானால் அது 243(ஏ). அதே தள்ளு, அதே வேகம். ஆனால் விழுந்தவர் கையை ஊன்றிய இடம் சிமென்ட் பிட்ச். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது அது 243(டி), அதாவது கடுமையான உடற்காயம் விளைவித்த பேட்டரி. ஃபெலனியாகப் போட்டால் 2, 3, 4 வருடம். தள்ளியவர் எலும்பை உடைக்க நினைத்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. தள்ள நினைத்தாரா என்றுதான் கேட்கிறது.

கடுமையான காயம் எது என்பதற்குச் சட்டமே சில உதாரணங்களைத் தருகிறது: நினைவிழத்தல், தலையில் அடிபட்டு மூளை அதிர்தல், எலும்பு முறிவு, ஓர் உறுப்பு நீண்ட காலம் செயலிழத்தல், நிறையத் தையல் போட வேண்டிய வெட்டு, உருக்குலைவு. இவற்றோடு நிற்காது, இவற்றைப் போன்ற வேறு காயங்களும் சேரலாம். ஊரில் கொடுங்காயம் என்று ஒரு பட்டியல் உண்டு. எலும்பு முறிவும் பல் உடைவதும் அதில் வரும். கிட்டத்தட்ட அதே எண்ணம்தான்.

இரண்டாவது, அடிபட்டவர் யார் என்பது. பணியில் இருக்கும் போலீஸ்காரர் மீது கைவைத்தால் காயமே இல்லாவிட்டாலும் உச்சத் தண்டனை 6 மாதத்திலிருந்து 364 நாளாகிறது. காயம் பட்டால் ஃபெலனியாக்கலாம். கணவரைக் கைவிலங்கோடு அழைத்துப் போகும்போது குறுக்கே போய் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்த ஓர் அம்மாவைத் தனி வழக்கில் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க வந்தவர். அவருக்கு அது கெஞ்சல். சட்டத்துக்கு அது வேறு.

மூன்றாவது, கையில் இருந்த பொருள். கத்தி, பாட்டில், கிரிக்கெட் மட்டை என்று வந்துவிட்டால் பெரும்பாலும் பேட்டரியைத் தாண்டி 245ஆம் பிரிவுக்குப் போய்விடும். அது கொடிய ஆயுதத்தால் தாக்குதல், 2 முதல் 4 வருடம். வெறுங்கையாலேயே பெருங்காயம் விளைவிக்கக்கூடிய பலத்தோடு அடித்தாலும் அதே பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது.

வக்கீல் "இது வாப்ளர்" என்கிறார். அப்படியென்றால்?

இரண்டு பக்கமும் சாயக்கூடியது. 243(டி), 245, கீழே வரும் 273.5 எல்லாம் அப்படித்தான். டி.ஏ. எனப்படும் மாவட்ட அரசு வழக்கறிஞர் நினைத்தால் மிஸ்டிமீனராகத் தொடுக்கலாம், ஃபெலனியாகவும் தொடுக்கலாம். ஃபெலனியாகத் தொடுத்த பிறகும் 17(பி) பிரிவின்படி நீதிபதி அதை மிஸ்டிமீனராகக் குறைக்கலாம். பூர்வாங்க விசாரணையின்போது, தண்டனை சொல்லும்போது, ஏன், நன்னடத்தைக் காலம் (நிபந்தனையோடு வெளியே விட்டுக் கண்காணிக்கும் ப்ரொபேஷன்) முடிந்த பிறகுகூட அதைக் கேட்கலாம். காயம் எவ்வளவு, முன்வழக்கு உண்டா, ஆளின் பின்னணி என்ன என்று பார்ப்பார்கள். அதனால் வேலைக் கடிதம், சமூகத்தில் செய்த பணிகள், ஆலோசனை வகுப்புக்குப் போன சான்று எல்லாவற்றையும் முதல் வாரத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

கணவன் மனைவி தகராறு என்றால் எந்தப் பிரிவு?

என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். இரண்டு பிரிவுகள்.

ஒன்று 243(இ)(1). கணவன், மனைவி, முன்னாள் துணை, சேர்ந்து வாழ்பவர், நிச்சயம் செய்தவர், காதலர், குழந்தையின் தாய் அல்லது தந்தை மீது செய்யும் பேட்டரி. காயம் தேவையில்லை. இது மிஸ்டிமீனர் மட்டுமே. ஒரு வருடத்துக்குள் சிறை, 2,000 டாலர் வரை அபராதம்.

இன்னொன்று 273.5. அதே உறவுகள், ஆனால் உடலில் காயம் இருக்க வேண்டும். சிறியதோ பெரியதோ, ஏதோ ஒரு காயம். முழங்கையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கன்றிப்போன தடம் இருந்தாலும் போதும். இது வாப்ளர். ஃபெலனியானால் 2, 3, 4 வருடம், 6,000 டாலர் வரை அபராதம். அதே குற்றத்துக்கு ஏழு வருடத்துக்குள் முன்தண்டனை இருந்தால் 5 வருடம் வரை போகும்.

அப்படியென்றால் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சிவப்புத் தடம்தான். அதனால்தான் வீட்டுக்கு வரும் போலீஸ்காரர் டார்ச் அடித்துக் கையை, கழுத்தை, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துப் படம் எடுக்கிறார். அந்தப் படம் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாளில் தடம் மறைந்துவிட்டாலும் படம் மறையாது.

இந்த இரண்டில் எந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டு நன்னடத்தையில் விட்டாலும், குறைந்தது 3 வருடக் கண்காணிப்பும் 52 வார வகுப்பும் கட்டாயம். வாரம் ஒரு முறை, 2 மணி நேரம். சாதாரண மிஸ்டிமீனர்களில் வகுப்புக்குப் போய் வழக்கையே தள்ளுபடி செய்துகொள்ளும் வாய்ப்பு 2021 முதல் நீதிபதிகளின் கையில் இருக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் அதிலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறார்கள்.

"கழுத்தைப் பிடித்தார்" என்று சொன்னதாக அறிக்கையில் இருக்கிறது. அவள் சொன்ன அர்த்தமே வேறு. என்ன செய்வது?

"கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டாரு" என்று ஒரு தங்கை 911 அவசர எண்ணில் அழுதாள். தமிழில் இதற்கு வீட்டை விட்டுத் துரத்தினார் என்றுதான் பொருள், கழுத்தில் கை பட்டிருக்கவே வேண்டாம். மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் சொன்னார். அடுத்து "மூச்சு விட முடிந்ததா?" என்று கேட்டார்கள். அதற்கு அவள் சொன்னது: "எனக்கு மூச்சே நின்னு போச்சுங்க." அதிர்ச்சியைச் சொன்னாள். அறிக்கையில் மூச்சுத் திணறல் என்று ஏறியது. கழுத்தை நெரிப்பதையும் 273.5 காயமாகவே எண்ணுகிறது. குடும்ப வன்முறை அறிக்கையில் அதற்கென்று தனிக் குறிப்பே எழுத வேண்டும். ஒரு வழக்கின் எடை அங்கேயே மாறிவிட்டது.

இதற்கு ஒரே வழி, அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கித் தமிழ் தெரிந்த தகுதியான மொழிபெயர்ப்பாளரிடம் மறுபடி பெயர்க்கச் சொல்வது. வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நீதிமன்றத்தில், ஆங்கிலம் புரியாத குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கு முழுவதும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கலிபோர்னியா அரசியலமைப்பு தந்த உரிமை. "எனக்கு இங்கிலீஷ் தெரியும்" என்று பெருமைக்காக அதை விட்டுவிட வேண்டாம். அலுவலக ஆங்கிலம் வேறு, நீதிமன்ற ஆங்கிலம் வேறு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். உண்மையாகவே கழுத்தை நெரித்திருக்கும்போது நம் பெண்கள் அதைக் குறைத்துச் சொல்கிறார்கள். "லேசாத்தான் புடிச்சாரு." கழுத்தை நெரித்தால் வெளியே தடமே இல்லாமல் இருக்கலாம். குரல் கம்மியிருந்தால், விழுங்கும்போது வலித்தால், ஒரு நொடி கண் இருட்டியிருந்தால், வழக்கு இருக்கட்டும், முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். ஆபத்து சில மணி நேரம் கழித்தும் வரும்.

மனைவியே புகாரை வாபஸ் வாங்கிவிட்டால் முடிந்துவிடுமே?

முடியாது. ஊரில் சாதாரணக் காயம் விளைவித்த வழக்கில் அடிபட்டவர் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டால் வழக்கை முடித்துக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தில் 323ஆம் பிரிவு அப்படி. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 115(2)ஆம் பிரிவும் அதேபோலத்தான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மாமனார் மாமியார் போன் போட்டுப் பேசி, காலையில் மருமகளை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கே வழக்கின் தலைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கணவரின் பெயர். எதிர்ப்பக்கம் மனைவியின் பெயர் இருக்காது, "கலிபோர்னியா மாநில மக்கள்" என்று இருக்கும். அவள் சாட்சி மட்டுமே. தொடுப்பதும் விடுவதும் டி.ஏ.வின் முடிவு. அவள் வராவிட்டாலும் 911 பதிவு இருக்கிறது. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது உதவி கேட்டுச் சொன்ன வார்த்தைகளை, சொன்னவர் கூண்டில் ஏறாமலே சாட்சியமாக வைக்கலாம் என்று 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் மாநிலத்து வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்துவிட்டது. படங்கள் இருக்கின்றன, அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள்.

சாட்சி சொல்ல மறுத்தால் அவளை உள்ளே போடுவார்களா என்று பயப்படுகிறார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவரை, சாட்சி சொல்ல மறுத்த அவமதிப்புக்காகச் சிறையில் அடைக்க முடியாது என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஆனால் "அப்படி எதுவுமே நடக்கல, பொய் சொன்னேன்" என்று அவளை மாற்றிச் சொல்ல வைக்க யாராவது முயன்றால், அவர் மாமியாரே ஆனாலும், சாட்சியைக் கலைத்த குற்றம் தனியாக வரும். சிறையிலிருந்து பேசும் போன்களும் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதீர்கள்.

அவளுக்கு உண்மையாகவே சொல்ல ஏதாவது இருந்தால், அவளுக்கென்று ஒரு தனி வக்கீல் மூலமோ, டி.ஏ. அலுவலகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக இருக்கும் உதவியாளர் மூலமோ சொல்லலாம்.

கைது செய்த இரவில் ஃபெலனி என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. போலீஸ் எழுதுவது அவர்கள் கருத்து. பெரும்பாலும் பெரிய பிரிவையே எழுதுவார்கள். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்குள், ஞாயிறும் விடுமுறையும் கழித்து, நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அதற்குள் டி.ஏ. கோப்பைப் படித்து எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார். இரவில் 273.5 ஃபெலனி என்று எழுதியது காலையில் 243(இ)(1) மிஸ்டிமீனராக வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குற்றப் பத்திரிகையில் எண்ணுக்குப் பக்கத்தில் எம் என்றோ எஃப் என்றோ ஓர் எழுத்து இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

வழக்கே தொடுக்காமல் விட்டாலும் கதை முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். மிஸ்டிமீனருக்குப் பொதுவாக ஒரு வருடமும் ஃபெலனிக்கு 3 வருடமோ அதற்கு மேலோ அவர்களுக்கு அவகாசம் உண்டு.

ஜாமீன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜாமீன் முகவரிடம் கட்டும் கட்டணம், பொதுவாகத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, திரும்பி வராது. மறுநாளே நீதிபதி பணம் இல்லாமல் விடக்கூடிய வழக்காக இருக்கலாம். இரவு இரண்டு மணிக்குப் பதறிப்போய்க் கட்டுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வீட்டுக்குப் போகக் கூடாது என்கிறார்கள். அவளே கூப்பிட்டால்?

அப்போதும் போகக் கூடாது. போலீஸ் அன்று இரவே நீதிபதியை எழுப்பி அவசரப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். அது ஐந்து நீதிமன்ற நாளோ ஏழு நாளோ, எது முதலில் முடிகிறதோ அதுவரை. பிறகு வழக்கு நீதிபதி நீண்ட ஆணை போடுவார். அந்த ஆணை கட்டுப்படுத்துவது அவரை, அவளை அல்ல. "சாப்பாடு வெச்சிருக்கேன், வந்துட்டுப் போங்க" என்று அவளே செய்தி அனுப்பி அவர் போனாலும் மீறியவர் அவர்தான். மாற்ற வேண்டுமென்றால் நீதிபதிதான் மாற்ற வேண்டும்.

குடியேற்றச் சட்டத்தில் இன்னும் மோசம். வன்முறையிலிருந்து காக்கும் ஆணையை மீறினார் என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்தாலே நாடு கடத்தக் காரணமாகிவிடும், தனியாகத் தண்டனைகூட வேண்டாம்.

எச்-1பி, கிரீன் கார்டு என்ன ஆகும்? மிஸ்டிமீனர் என்றால் தப்பிவிடலாமா?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான்: மாநிலச் சட்டத்தின் எம், எஃப் கோடும் குடியேற்றச் சட்டத்தின் கோடும் ஒரே இடத்தில் ஓடவில்லை.

குடும்ப வன்முறைக் குற்றம் என்று கூட்டாட்சிச் சட்டம் வரையறுத்ததில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். அதற்கு ஒரு நாள் சிறைகூடத் தேவையில்லை. 273.5இல் மிஸ்டிமீனராக ஒத்துக்கொண்டாலும் அது இதில் விழும். 243(இ)(1) பொதுவாக விழாது. கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் சொன்ன காரணம், லேசான தொடுதலே பேட்டரிக்குப் போதும் என்பதால் அதை வன்முறைக் குற்றமாக எண்ண முடியாது என்பது. மேலே முதல் பதிலில் கெடுதலாகத் தெரிந்த அதே விதி இங்கே கைகொடுக்கிறது. எனவே "ரெண்டும் மிஸ்டிமீனர்தானே, எதில் கையெழுத்துப் போட்டால் என்ன" என்று நினைப்பவர் தன் குடும்பத்தின் பத்து வருட வாழ்க்கையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

வன்முறைக் குற்றத்தில் ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதித்தால், அதை நிறுத்தி வைத்திருந்தாலும், மிகக் கடுமையான வகையில் சேர்ந்துவிடும். 364க்கும் 365க்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும்.

2010இல் படில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒத்துக்கொள்வதால் வரும் நாடு கடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்றது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இந்தப் பிரிவில் ஒத்துக்கொண்டால் என் விசாவுக்கு என்ன?" குற்றவியல் வக்கீலுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கச் சொல்லுங்கள். அது கையில் வரும்வரை ஒத்துக்கொள்ள வேண்டாம், வாய்தா கேட்கலாம்.

வழக்கே இல்லாமல் போனாலும், வெறும் கைதுக்காகவே பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையை ரத்து செய்யும் வாய்ப்பு உண்டு. முத்திரை போனதாலேயே இங்கே தங்கும் நிலை போய்விடாது. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனால் அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் புது முத்திரை வாங்க வேண்டும். அந்த விண்ணப்பம் கைது உண்டா என்று கேட்கும். உண்டு என்று எழுதி, நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலோடு போங்கள். மறைப்பது தனிக் குற்றம்.

பிறகு ரெக்கார்டை அழித்துவிடலாம் என்கிறார்களே?

1203.4 பிரிவின்படி நன்னடத்தைக் காலம் முடிந்ததும் தண்டனையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். வேலை தேடுவதற்கு அது உதவும். குடியேற்றத்துக்கு உதவாது, அவர்கள் கணக்கில் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான். குடியுரிமை விண்ணப்பத்திலும் சொல்லியாக வேண்டும். ஆனால் குடியேற்ற விளைவு சரியாகப் புரியாமலே ஒத்துக்கொண்டவர்களுக்கு 1473.7 என்ற பிரிவு 2017 முதல் இருக்கிறது. அதில் தண்டனையையே செல்லாததாக்கக் கேட்கலாம். பழைய வழக்கில் சிக்கியிருப்பவர்கள் இதை விசாரியுங்கள்.

அவர்தான் முதலில் கை வைத்தார். தற்காப்பு செல்லுமா?

செல்லும். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் பலம் காட்டியிருந்தால். திட்டினார், என் அம்மாவைப் பற்றிப் பேசினார் என்பதெல்லாம் தற்காப்பு ஆகாது.

நாங்கள் வேறு மாநிலத்தில் இருக்கிறோம். இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. டெக்சஸிலும் நியூயார்க்கிலும் பேட்டரி என்ற தனிக் குற்றமே இல்லை, எல்லாம் அசால்ட் என்ற பெயரில் போகும். டெக்சஸில் குடும்பத்தாரின் கழுத்தை நெரித்தால் நேராக ஃபெலனி, 2 முதல் 10 வருடம். நியூஜெர்சியில் மிஸ்டிமீனர், ஃபெலனி என்று குற்றங்களைப் பிரிப்பதில்லை. சிறியதை ஒழுங்கீனக் குற்றம் என்பார்கள், அது பெரும்பாலும் நகராட்சி நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே எடிசன் ஊரில் இருப்பவர் "எனக்கு மிஸ்டிமீனர்கூட இல்ல" என்று நிம்மதி அடைய வேண்டாம், குடியேற்ற அதிகாரி சொல்லைப் பார்ப்பதில்லை. ஃபுளோரிடாவில் 65 வயது நிறைந்தவர் மீது செய்யும் சாதாரண பேட்டரியே ஃபெலனி, காயம் இல்லாவிட்டாலும். ஊரிலிருந்து வயதான பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடி வாங்குவது நான். என் விசா அவர் பெயரில் தொங்குகிறது. அவர் உள்ளே போனால் நான் ஊருக்குப் போக வேண்டியதுதானா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, மற்றவர்கள் காருக்குப் போன பிறகு, மெதுவாகக் கேட்கிறார்கள்.

உங்களுக்கு வழிகள் இருக்கின்றன. எச்-1பியில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்து கொடுமைக்கு ஆளானவர் தனியாக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கணவர் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால், அவருக்குத் தெரியாமலே, அவர் கையெழுத்தில்லாமலே, உங்கள் பெயரில் கிரீன் கார்டுக்கு மனு போடலாம். விசாரணைக்கு உதவிய பாதிக்கப்பட்டவர்களுக்கு யு விசா என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மிஸ்டிமீனரா ஃபெலனியா என்பது தடையில்லை, வரிசைதான் நீளம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தெற்காசியப் பெண்களுக்காகவே 1991 முதல் மைத்ரி என்ற அமைப்பு இயங்குகிறது, 1992 முதல் நாரிகா. நாடு முழுவதற்குமான உதவி எண் 1-800-799-7233. "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். போலீஸ் வந்தால், கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். நடந்ததை நடந்தபடி, எந்தக் கை, எந்த இடம், எத்தனை முறை என்று சொல்லுங்கள். தடம் இருந்தால் அன்றே படம் எடுத்து, அவர் கைக்கு எட்டாத ஒரு தோழியின் போனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட், குழந்தையின் பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு மூன்றுக்கும் நகல் எடுத்து அதே தோழியிடம் கொடுத்து வையுங்கள்.